அவுட்பாக்ஸில் நின்ற துட்டி

இதைக் கதை என்று நினைத்துப் படிக்கிறவர்கள் தாராளமாக அப்படியே நினைத்துக்கொள்ளலாம். எனக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் நடந்தது நடந்ததுதான். அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி போகிற ரோட்டில், ஊர் முடிந்து கருவேலங்காடு தொடங்குகிற இடத்தில் புதிதாகப் பிளாட் போட்ட தெரு ஒன்று இருக்கிறது. மொத்தம் ஒன்பது வீடு. அதில் ஐந்தாவது வீட்டு ஹேமலதாவுக்கு நடந்தது இது. நேரத்தையெல்லாம் அவளே சொன்னாள். போனில் பதிவாகியிருந்ததையும் எடுத்துக் காட்டினாள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பேய் என்றால் ராத்திரி, நாய் ஊளை, மல்லிகைப்பூ வாசம் என்று எதிர்பார்த்து உட்கார்ந்தால் ஏமாந்து போவீர்கள். இது நடந்தது பட்டப்பகலில். பங்குனி மாதத்து உச்சி வெயிலில். அந்த நேரத்தில் காட்டுப்பக்கம் தனியாகப் போகாதே என்று நம் பக்கத்தில் சொல்வார்கள். வீட்டுக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது என்றுதான் ஹேமலதாவும் நினைத்திருந்தாள்.

அவளுக்கு முப்பத்து மூன்று வயது. நெசவுக் குடும்பம். வீட்டுப் பேச்சு கன்னடம், தெருப் பேச்சு தமிழ், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும். சேலைக்கு பார்டரும் முந்தியும் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுப்பது அவள் தொழில். கணவன் ராம்குமாருக்கு விருதுநகரில் ஒரு மில்லில் சூப்பர்வைசர் வேலை. அந்த மில்லை மூடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் திருப்பூரில் வேறு வேலை பேசி வைத்துவிட்டான். வைகாசி பிறந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான். ஆறாவது படிக்கிற மகள், "நான் வரமாட்டேன்" என்று ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். ஹேமலதாவுக்கும் போக மனமில்லை. ஆசை ஆசையாகக் கட்டிய வீடு, சுவருக்கு இன்னும் வெள்ளைகூட அடிக்கவில்லை.

அந்த நேரத்தில்தான் பெங்களூரில் ஒரு சேலைக் கம்பெனி அவளைத் தேர்ந்தெடுத்தது. டிசைனர் வேலை. வீட்டிலிருந்தே பார்க்கலாம், நிரந்தரம். அது கிடைத்துவிட்டால் திருப்பூர்ப் பேச்சே இல்லை. கம்பெனி போட்ட முதல் நிபந்தனை, வீட்டில் நல்ல நெட் இருக்க வேண்டும்.

இருந்ததோ பழைய கேபிள்காரர் கொடுத்த நெட். காற்றடித்தால் நின்றுபோகும், காக்கா உட்கார்ந்தாலும் நின்றுபோகும். வீடு கட்டி வந்ததிலிருந்து அதை வைத்து ஓட்டியாயிற்று. அந்தக் கேபிள்காரர் கம்பெனியே இலவசமாக ஒரு மெயில் முகவரியும் கொடுத்திருந்தது. அவர் ஆள் வந்து கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் தானே அடித்துவிட்டுப் போனார். பாஸ்வேர்டு என்ன என்று இவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அந்த மெயில் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும்தான் திறக்கும். பெங்களூர் விண்ணப்பத்தில் ஹேமலதா கொடுத்திருந்தது அந்த முகவரியைத்தான்.

புது நெட்டுக்குச் சொன்னாள். புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு அந்த நெட் கம்பெனி ஆள் வந்தான். இருபத்தாறு, இருபத்தேழு வயது இருக்கும். தோளில் ஏணி, இடுப்பில் கத்தரி. அரைமணி நேரத்தில் புது ஒயரை இழுத்துக் கொண்டுவந்து சேர்த்துவிட்டான். பழைய ஒயரைக் கம்பத்துப் பக்கம் வெட்டி மாடிக்கு இழுத்துப் போட்டான்.

"யக்கா, இத வீசிராதீக. கொடி கட்டுனா பத்து வருசத்துக்கு அறாது."

அவனே மாடியில் இந்தக் கம்பியிலிருந்து அந்தக் கம்பிக்கு இழுத்துக் கட்டியும் கொடுத்தான். ஹேமலதா மோர் கொடுத்தாள். குடித்துவிட்டு, எங்கோ யோசனையாக, "போறேன்க்கா" என்றான்.

"போறேன்னு சொல்லாதப்பா. வாரேன்னு சொல்லு."

"ஆமால்ல..." என்று சிரித்தான். "வாரேன்க்கா."

அவன் நம்பரைப் போனில் 'புது நெட்' என்று பதிந்துகொண்டாள். பெயர் கேட்கவில்லை. நாம் யார்தான் கேட்கிறோம்? என் போனிலும் 'தண்ணி லாரி' இருக்கிறது, 'கேஸ்' இருக்கிறது, 'கோழிக்கடை' இருக்கிறது. அவர்களுக்கெல்லாம் அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கும் என்கிற நினைப்பே நமக்கு வருவதில்லை.

பழைய மோடத்தைக் கழற்றி அலமாரி மேல் வைத்தாள். அதன் அடாப்டரை டிராயருக்குள் போட்டாள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை. ராம்குமார் வேலைக்குப் போய்விட்டான். மகள் பள்ளிக்கூடத்தில். காலை 10.20க்கு பெங்களூர் மெயில் வந்தது. வேலை ஆணை. கையெழுத்துப் போட்டு, இன்று மதியம் ஒரு மணிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். பதிவு செய்த முகவரியிலிருந்து மட்டுமே அனுப்ப வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த ஆள்.

ஹேமலதா சாமி படத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். கையெழுத்துப் போட்டு, ஸ்கேன் எடுத்து, 10.45க்கு 'அனுப்பு' என்று தட்டினாள்.

போகவில்லை.

அவுட்பாக்ஸ் என்று ஓரத்தில் இருக்கும் இல்லையா, வெளியே போகிற மெயில் ஒரு கணம் நின்றுவிட்டுப் போகிற இடம். அதன் பக்கத்தில் 1 என்று விழுந்தது. அப்படியே நின்றது. மறுபடி தட்டினாள். 1. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டாள். 1. அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். அன்றைக்கு அவளுக்கு அதுதான்.

11.10. பெங்களூருக்குப் போன் போட்டாள். கன்னடத்தில் பேசினால் கொஞ்சம் இளகுவார்கள் என்று நம்பிக் கன்னடத்திலேயே கெஞ்சினாள். போனை எடுத்த பெண்ணும் கன்னடத்திலேயே முடியாது என்றாள். வேறு முகவரியிலிருந்து வந்தால் கம்ப்யூட்டரே தள்ளிவிடுமாம்.

11.20. பழைய கேபிள்காரருக்குப் போட்டாள். நம்பர் உபயோகத்தில் இல்லை.

11.34. 'புது நெட்'டுக்குப் போட்டாள்.

"உள்ள வாரது வருதாக்கா?"

"வருது. வெளிய போகத்தான் மாட்டேங்குது."

"அது பழைய கம்பெனி மெயிலுக்கா. அவுக லைன்ல இருந்து போனாத்தான் வெளிய விடுவாக. நம்ம லைன்ல இருந்து போனா, யாரோ எவரோன்னு கதவச் சாத்திருவாக."

"ஒரு மணிக்குள்ள போகணும்ப்பா. என் பொழப்பே அதுலதான் இருக்கு."

"இன்னைக்கு மல்லாங்கிணறுல நிக்கிறேன்க்கா. நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வந்து மாத்தி விடுறேன்."

"நாளைக்கு எதுக்குப்பா எனக்கு?"

கோபத்தில் இரண்டு வார்த்தை திட்டிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். அவனைத் திட்டியதற்காக இன்றைக்கும் வருத்தப்படுகிறாள்.

ராம்குமாருக்குப் போட்டாள். "சும்மா கெடந்த நெட்ட மாத்துனது நீதான?" என்றான் அவன். ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

மணி 11.52.

அவுட்பாக்ஸ் பக்கத்தில் 2 என்று இருந்தது.

அவள் அனுப்பியது ஒன்றுதான். திறந்து பார்த்தாள். அவளுடைய மெயில் இரண்டாவதாகக் கிடந்தது. அதற்கு மேலே, முதலாவதாக, அவள் எழுதாத மெயில் ஒன்று. அனுப்புநர் இடத்தில் ஒன்றும் இல்லை. தலைப்பில் ஒரே ஒரு சொல்.

துட்டி.

எங்கள் பக்கத்தில் சாவுச் செய்திக்குத் துட்டி என்று பெயர். போன் வருவதற்கு முன்னால் ஆள் அனுப்பிச் சொல்வார்கள். துட்டி கொண்டுபோகிறவன் வழியில் உட்காரக் கூடாது. சொல்லி முடிக்கிற வரைக்கும் பச்சைத் தண்ணீர் பல்லில் படக் கூடாது. கையில் துட்டியை வைத்துக்கொண்டு தாமதம் செய்தால், அது செய்தவன் வீட்டுக்கே திரும்பும் என்று சொல்வார்கள்.

ஹேமலதாவுக்கு முதலில் எரிச்சல்தான் வந்தது. அழித்தாள். போய்விட்டது. 1 ஆனது.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை... 2.

மறுபடி அழித்தாள். மறுபடி வந்தது. அதே இடத்தில். அவளுடைய மெயிலுக்கு மேலே.

அப்போதுதான் அறையில் ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. நிமிர்ந்தாள். அலமாரி மேல் பழைய மோடம். அதில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. டிராயரை இழுத்துப் பார்த்தாள். அடாப்டர் உள்ளேயே இருந்தது. மோடத்துக்குப் பின்னால் ஒரு ஒயரும் இல்லை. வெறும் பெட்டி. விளக்கு எரிகிறது.

பயம் வந்தால் சிலர் ஓடுவார்கள், சிலர் வேலை செய்வார்கள். ஹேமலதா இரண்டாவது ரகம். துணி எடுக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மாடிக்குப் போனாள்.

வெளியே ஒரு சத்தம் இல்லை. காக்கா இல்லை. காற்று இல்லை. கருவேலங்காடு அசையாமல் நின்றது. கயிற்றில் காலையில் போட்ட துணியெல்லாம் காய்ந்து விறைத்துக் கிடந்தது. பக்கத்தில், கொடியாகக் கட்டிய அந்தப் பழைய ஒயரில், மகளின் பள்ளிக்கூடச் சட்டை. எட்டு மணிக்குப் போட்டது. அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சொட்... சொட்... சொட்...

சட்டையை எடுக்கக் கை நீட்டினாள். விரல் ஒயரில் பட்டது. ஒயர் நடுங்கியது. யாரோ அந்த முனையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி ஒரு இழுப்பு. திரும்பிப் பார்த்தாள். அந்த முனையில் இரும்புக் கம்பிதான் இருந்தது.

ம்ம்ம்ம்... என்று ஒயருக்குள் ஒரு சத்தம்.

சட்டையை விட்டுவிட்டுக் கீழே ஓடி வந்தாள்.

மணி 12.06.

ஒரு மணிக்கு இன்னும் ஐம்பத்து நான்கு நிமிடம். திருப்பூரில் ஒற்றை அறை கண்முன்னால் வந்தது. மகளின் முகம் வந்தது. எதுவாக இருந்தாலும் சரி என்று அந்த முதல் மெயிலைத் திறந்துவிட்டாள்.

நான்கே வரி.

"பாலவனத்தம் மாரிக்கண்ணன் வெள்ளிக்கிழமை மதியம் 12.10 மணிக்குத் தவறிவிட்டார். எடுப்பு சனிக்கிழமை காலை. சொந்தபந்தங்கள் அனைவரும் வரவும். இதையே நேரில் வந்து சொன்னதாக ஏற்றுக்கொள்ளவும்."

பெறுநர் இடத்தில் ஒரே முகவரி. பாண்டிராஜ் என்று பெயர்.

அவளுக்கு மாரிக்கண்ணன் என்று யாரையும் தெரியாது. பாலவனத்தத்தில் சொந்தமும் இல்லை. இவளோடு அந்தப் பழைய கேபிள் லைனில் இருந்த வேறு யாரோ அனுப்பிய மெயில், லைனை வெட்டி ஒட்டியதில் வழி தவறி இங்கே வந்து முட்டிக்கொண்டு நிற்கிறது என்று நினைத்தாள். வெள்ளிக்கிழமை என்றால் போன வெள்ளிக்கிழமை. ஆறு நாள் ஆகிவிட்டது. உடலை எடுத்து அடக்கமும் செய்திருப்பார்கள். அந்தப் பாண்டிராஜ் யாரோ, முகத்தைக்கூடப் பார்க்காமல் இருக்கிறானே என்று அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹேமலதாவின் அப்பா இறந்தபோது அவள் பெங்களூரில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குச் செய்தி சொல்ல வேண்டியவர் மறந்துவிட்டார். அவள் வந்து சேர்ந்தபோது சாம்பல்தான் இருந்தது. சொல்ல மறந்தவரோடு இன்றுவரை அவளுக்குப் பேச்சில்லை.

அதனால் அதை மூன்றாவது முறை அழிக்க அவளுக்குக் கை வரவில்லை.

இது போகாமல் தன்னுடையது போகாது என்பதும் ஏனோ அவளுக்குத் தெரிந்துபோயிற்று. துட்டி முன்னால் நிற்கும்போது நல்ல காரியம் எப்படிப் படி தாண்டும்?

மணி 12.09.

மோடத்தில் விளக்கு பட் பட்டென்று துடித்தது.

மாடியில்... சொட்... சொட்...

"போயிரு" என்று சத்தமாகச் சொன்னாள். 'அனுப்பு' என்பதைத் தட்டினாள்.

12.10.

2... 1... ஒன்றும் இல்லை.

இரண்டும் போய்விட்டன.

விளக்கு அணைந்தது. எங்கோ ஒரு காக்கா கத்தியது. 12.16க்கு பெங்களூரிலிருந்து பதில் வந்தது. கிடைத்தது, வாழ்த்துகள், வருகிற பதினைந்தாம் தேதி வேலையில் சேரலாம். ஹேமலதா நாற்காலியிலேயே உட்கார்ந்து அழுதாள். மாடிக்குப் போய்ப் பார்த்தாள். சட்டை மொடமொடவென்று காய்ந்திருந்தது. எல்லாம் வெயில் மயக்கம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டாள். சாயங்காலம் மகள் வந்து கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்த குதியில் பாதி பயம் போயேவிட்டது.

வெள்ளிக்கிழமை. மத்தியானத்துக்குள் வருகிறேன் என்று சொன்னவன் வரவில்லை. மெயிலைச் சரிசெய்தாக வேண்டும். போன் போட்டாள்.

12.10. "நீங்கள் அழைக்கும் நபர் மற்றொரு இணைப்பில் இருக்கிறார்."

12.12. மணி போனது. போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

12.15. சுவிட்ச் ஆஃப்.

"வாரேன்னு சொல்லிட்டு வரல பாரு" என்று முனகினாள். 12.40 இருக்கும், திருச்சுழி ரோட்டில் ஆம்புலன்ஸ் ஒன்று கத்திக்கொண்டு போனது. அவள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

திங்கட்கிழமை பதினொரு மணிக்குப் புது நெட் கம்பெனியிலிருந்து வேறு ஆள் வந்தான். பெயர் காளீஸ்வரன். வந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தான். ஹேமலதா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"போன வாரம் வந்த தம்பி எங்க? வெள்ளிக்கிழமை வாரேன்னு சொன்னுச்சு."

காளீஸ்வரன் கையை எடுத்துவிட்டான்.

"ஒங்களுக்குத் தெரியாதாக்கா? மாரிக்கண்ணன் செத்துப் போனான்."



"யாரு?"

"மாரிக்கண்ணன்க்கா. ஒங்களுக்கு லைன் குடுத்தானே, அவன்தான். பாலவனத்தத்துப் பய. வெள்ளிக்கிழம இந்த ரோட்டுக் கம்பத்துலதான் வேலை. முடிச்சிட்டு இங்கதான் வாரதா இருந்தான்."

"எப்ப..." என்றாள். "எத்தன மணிக்கு?"

"பன்னெண்டு பத்து."

அவன் சொல்லிக்கொண்டே போனான். மாரிக்கண்ணனுக்கு ஒரு அண்ணன், ராஜபாளையத்தில் வேலை. பெயர் பாண்டிராஜ். அவர் மெயில் எல்லாம் தினமும் பார்க்கிறவர் இல்லை. வியாழக்கிழமை வந்ததை வெள்ளிக்கிழமை மதியம்தான் பார்த்திருக்கிறார். தம்பி செத்துவிட்டான் என்று போட்டிருக்கிறது. பதறிப்போய் உடனே தம்பிக்கே போன் போட்டுவிட்டார்.

"இவன் கம்பத்து உச்சியில நிக்கிறான்க்கா. அண்ணன் பேரு தெரியுது. அவுக அந்நேரத்துக்குப் பேசவே மாட்டாக. என்னமோ ஏதோன்னு ஒரு கைய விட்டுட்டு எடுத்துருக்கான். 'ஏலே, நல்லாத்தான இருக்க?'ன்னு கேட்டாராம். 'நல்லாருக்கேண்ணே'ன்னானாம். அம்புட்டுத்தான். மேல கரண்டு ஒயரு..."

ஹேமலதா போனை எடுத்து, வெள்ளிக்கிழமை அவனுக்குப் போட்ட அழைப்புகளைப் பார்த்தாள்.

12.10க்கு அவன் மற்றொரு இணைப்பில் இருந்தான். அந்த இணைப்பைப் போட்டுக் கொடுத்தது அவள்.

"அந்த மெயிலு யாரு அனுப்புனதுன்னு..."

"அதான்க்கா ஒண்ணும் வெளங்கல. பழைய கேபிள்காரரு கம்பெனி வழியா வந்ததா போலீசுல சொல்றாக. அவரப் போயி விசாரிச்சா, வெளிய அனுப்புற மிஷினப் புதன்கிழம சாயங்காலமே கழத்தி லாரில ஏத்தியாச்சுங்கிறாரு. கடையவே மூடுறாராம். உள்ள வாரது மட்டும் மாசக் கடைசி வரைக்கும் வரும். வியாழக்கிழம அது வழியா யாரு மெயிலும் வெளிய போயிருக்க முடியாதுன்னு அடிச்சுச் சொல்றாரு."

யார் மெயிலும் போயிருக்க முடியாது. அவளுடையதும்தான்.

ஆனால் பெங்களூரில் கிடைத்திருக்கிறது.

காளீஸ்வரன் மறுபடி கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினான். மெயிலைத் திறந்தான். மவுஸை நகர்த்தினான்.

"யக்கா, அவுட்பாக்ஸுல ஒண்ணு நிக்குதே. அனுப்பி விட்டுரவா?"

அலமாரி மேல் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"தொடாத!"

எட்டிப் பிளக்கைப் பிடுங்கினாள். பிடுங்கிய வேகத்தில் தண்ணீர்ச் செம்பு உருண்டது. திரை இருண்டது. காளீஸ்வரன் பயந்து எழுந்துவிட்டான். ஏணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போய், செருப்பை மாட்டிக்கொண்டே, "போறேன்க்கா" என்றான்.

ஹேமலதா தெருமுனை வரைக்கும் ஓடிப் போய் அவனை நிறுத்தி, "வாரேன்" என்று சொல்ல வைத்துவிட்டுத்தான் திரும்பினாள்.

அவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். கம்பெனி லேப்டாப் கொடுத்திருக்கிறது. அதில் மெயில் நன்றாகப் போகிறது, வருகிறது. திருப்பூருக்குப் போகவில்லை. வீட்டுக்கு வெள்ளை அடித்தாயிற்று. பழைய கம்ப்யூட்டரையும் அந்த மோடத்தையும் ஒரு சேலையில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டார்கள். எரித்துவிடலாமே என்று ராம்குமார் கேட்டான். எரித்தால் அது அனுப்பியதாகிவிடுமோ, அழித்ததாகிவிடுமோ, யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்றுவிட்டாள்.

பாலவனத்தத்துக்கு ஒருமுறை போய்வந்தாள். பாண்டிராஜ் இருந்தார். அவரிடம் உண்மையைச் சொல்லத்தான் போனாள். அவர் வாசலில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் மட்டும் போன் போடாமல் இருந்திருந்தால் என்று வருகிறவர்களிடம் எல்லாம் அதையே சொல்லி அழுதார். இவளிடமும் சொன்னார். சாவு வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவதுதான் வழக்கம் என்பதால், சொல்லாமலேயே கிளம்பி வந்துவிட்டாள்.

இதையெல்லாம் என்னிடம் அவள் சொன்னது போன மாதம், பகல் பதினொரு மணிக்கு. சொல்ல ஆரம்பிப்பதற்கு முன்னால் என் பெயரைக் கேட்டாள். நான்கு வருடமாகப் பார்க்கிறோம், இப்போது என்ன புதிதாகப் பெயர் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. முழுப் பெயர், சொந்த ஊர், இரண்டையும் கேட்டுப் போனில் அடித்துக்கொண்டாள். காட்டினாள். அதில் இப்போது 'தண்ணி லாரி' இல்லை, 'கேஸ்' இல்லை. எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. 'புது நெட்' இருந்த இடத்தில் 'மாரிக்கண்ணன், பாலவனத்தம்' என்று இருக்கிறது.

"அவுட்பாக்ஸுல நிக்கிற அந்த மெயில்ல யார் பேரு இருக்குன்னு தெரியல" என்றாள். "தெறந்து பாத்தா தெரியும். ஆனா தெரிஞ்சா எப்படிச் சும்மா இருக்க? ஓடிப்போயிச் சொல்லத்தான் தோணும். பாண்டிராஜும் நல்லாருக்கானான்னு கேக்கத்தான போன் போட்டாரு..."

நாக்கு உலர்ந்துவிட்டது எனக்கு. அவளுக்கும்தான். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து எனக்குக் கொடுத்தாள். அவள் குடிக்கவில்லை. உச்சி சாய்கிற வரைக்கும் குடிப்பதில்லையாம், அந்தத் திங்கட்கிழமையிலிருந்து. துட்டியைக் கையில் வைத்திருக்கிறவள் அல்லவா.

பேச்சில் நேரம் போனது தெரியவில்லை. சுவர்க் கடிகாரத்தில் 12.10. ஹேமலதா பேச்சை நிறுத்தினாள்.

மேலே, பரணில், சேலைக்குள்ளிருந்து...

சொட்.